எதிரே வருகிறவன்

பழவேற்காடு,
1765 ஆவணி 5

தங்கை எலிசபெத்துக்கு அண்ணன் தானியேல் எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் நானும் நைனாவும் சுகம். சதுரங்கப்பட்டினத்தில் நீயும் உன் வீட்டுக்காரனும் சுகம்தானே?

சேதி உங்கள் கோட்டைக்கும் வந்திருக்கும். ஒல்லாந்தருக்குக் கடுதாசி சுமந்து ஓடுகிற எங்கள் எல்லோருக்கும் மேலே ஒரு தலைமை ஓட்டக்காரனைப் போடப் போகிறார்கள். இதுவரை வழியில் ஆள் மாற்றி ஆள் ஓடினோம். இனி அவசரக் கடுதாசியை இங்கிருந்து சதுரங்கப்பட்டினம் வரை ஒரே ஆள் கொண்டுபோக வேண்டுமாம். அதற்கு ஒரு பந்தயம். மாசிப் பௌர்ணமி அன்று வெளுக்கும் நேரத்தில் நான் இந்தக் கோட்டையிலிருந்து கடலோரமாகத் தெற்கே ஓட வேண்டும். அதே நேரத்தில் உன் புருஷன் மாசிலாமணி அந்தக் கோட்டையிலிருந்து வடக்கே ஓடி வர வேண்டும். இரண்டு வாசலிலும் மணி பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். யார் சீக்கிரம் எதிர்க் கோட்டையைத் தொடுகிறானோ அவனுக்கு வேலை. அதுவரை பழகிக்கொள்ள எங்கள் இருவருக்கும் மற்ற ஓட்டமெல்லாம் நிறுத்தம்.

வழியில் எங்கோ அவன் எனக்கு எதிரே வருவான். மயிலாப்பூர்தான் பாதி என்று வைத்துக்கொள். அதைத் தாண்டித் தெற்கே அவனைப் பார்த்தால் நான் முந்தி. அதற்கு முன்பே பார்த்துத் தொலைத்தால் அவன் முந்தி.

நைனாவிடம் சொன்னேன். வலைக்கண் முடிந்துகொண்டே, "மாப்ளைக்குத்தான் கெடைக்கும்"னு சொன்னார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பெற்ற பிள்ளை எதிரே நிற்கிறேன்!

நீ எனக்கு ஒரு உபகாரம் செய். அவன் எப்போது எழுகிறான், எப்படிப் பழகுகிறான், எல்லாம் எழுதி அனுப்பு. அவனுக்குத் தெரிய வேண்டாம். கருவாட்டு வியாபாரி குப்பன் இங்கும் அங்கும் வந்து போகிறான். அவனிடம் கொடுத்தால் போதும். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
தானியேல்


சதுரங்கப்பட்டினம்,
ஆவணி 24

அண்ணனுக்கும் நைனாவுக்கும் எலிசபெத்தின் தோத்திரம். நீ கேட்டதால் சொல்கிறேன், இங்கே எல்லோரும் சுகம்.

இன்னா அண்ணா இது! கட்டின புருஷனை ஒளிந்திருந்து பார்த்து எழுதச் சொல்லி எந்த ஊரிலாவது அண்ணன் கேட்பானா? கல்யாணமாகி வந்து இத்தனை நாளில் நீ எழுதிய முதல் கடிதம் இது. ஆசையாகப் பிரித்தேன். பார்த்தால் என்னைப் பற்றி ஒரு வரி, அவரைப் பற்றி ஒரு பக்கம். நல்லா இருக்குது உன் பாசம்.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார். அவருக்கு எல்லாமே சிரிப்புதான். ஒன்று மட்டும் சொல்கிறேன், அதுவும் ஊருக்கே தெரிந்த சங்கதி. ஓடும்போது அவர் பாடுகிறார். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வாயோ செய். நைனாவுக்கு இருமல் நின்றதா?

தங்கை,
எலிசபெத்


பழவேற்காடு,
புரட்டாசி 9

தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கே சுகம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன்.

பாடுகிறானா! எனக்கு எண்ணூர் தாண்டினால் மூச்சு விடவே போதவில்லை, இவன் பாடுகிறானா!

உனக்கு என்ன தெரியும்? பள்ளிக்கூடம் விட்டு மணல்திட்டில் பந்தயம் ஓடுவோம். அவன் முதலில் போய்ச் சேர்ந்து, எனக்காக ஒரு சொம்புத் தண்ணீரோடு நிற்பான். தோற்றதுகூட எனக்குப் பெரிதில்லை. அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போதுதான் எரியும். ஊரே "மாசிலாமணி எவ்ளோ நல்லவன் பாரு"ன்னும். நல்லவனாகவும் இருந்து முதலிலும் வந்தால் மற்றவன் எங்கே போவான்?

கால் பலம் எனக்கும் இருக்கிறது எலிசபெத்து. மனசுதான் கெடுக்கிறது. பாதி வழி போனதும் வாயைத் திறந்துவிடும். "போதும் தானியேலு, உக்காரு, உன்னால ஆவாது"ன்னு நைனா குரலில் பேசும். நானும் பதில் பேசுவேன். பேசிப் பேசியே களைத்துப் போவேன். அவனுக்கும் அப்படிப் பேசுமா? பேசினால் என்ன செய்கிறான்? அதை மட்டுமாவது கேட்டு எழுது. உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

தானியேல்


சதுரங்கப்பட்டினம்,
ஐப்பசி 20

அண்ணனுக்குத் தோத்திரம். பதில் எழுத நாளாகிவிட்டது. வீட்டில் காய்ச்சல். இப்போது தேவலை. எனக்கில்லை, பயப்படாதே.

நீ கேட்டதையெல்லாம் இனி எழுதுகிறேன். ஏன் மனசு மாறினாய் என்று மட்டும் கேட்காதே.

அவர் விடியுமுன் எழுந்துவிடுகிறார். ஊருக்குத் தெற்கே ஆளில்லாத மணலுக்குப் போகிறார். அங்கே ஓடுவதை யாரும் பார்க்க முடியாது. கோட்டைக் கொடிமரம் கண்ணுக்கு மறைகிற வரை ஓடி, அதே வேகத்தில் திரும்புகிறார். வரும்போது கொடிமரத்தைப் பார்ப்பதே இல்லையாம். பார்த்தால் அது கிட்டவே வராதாம். காலுக்கு முன்னால் இருக்கிற ஈர மணலை மட்டும் பார்க்கிறாராம்.

மனசு பேசுமா என்று கேட்டேன். பேசாமல் இருக்குமா, அவருக்கும் பேசுகிறது. ஆனால் அவர் அதோடு சண்டைக்குப் போவதில்லை. "நீ பேசினு இரு, நான் போய்னு இருக்கேன்"னு சொல்லிவிடுவாராம். அதை அடக்கப் பார்த்தால்தான் பலம் போகுமாம்.

உன் காலுக்கு ஒன்றும் இல்லையே? நன்றாக இருக்கிறதா?

எலிசபெத்


பழவேற்காடு,
கார்த்திகை 12

தங்கைக்கு அண்ணன் எழுதுவது. என் காலுக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கிறது. மழையில் ஏரி நிரம்பிக் கிடக்கிறது. எல்லோரும் சுகம்.

நீ எழுதியதைப் படித்துவிட்டு மறுநாளே பசியாவரம் பக்கம் முழங்கால் தண்ணீரில் ஓடிப் பார்த்தேன். மனசு வழக்கம்போல ஆரம்பித்தது. பேசினு இரு என்று விட்டேன். கொஞ்ச நேரம் வேலை செய்தது. அப்புறம் நினைத்தேன், இது அவனுடைய வித்தை ஆயிற்றே, அவன் இதை எத்தனை நாளாகச் செய்கிறானோ! உடனே பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலிலேயே வீடு வரை நிற்காமல் ஓடி வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. அவன் முதுகை எனக்கு முன்னால் வைத்துக்கொள்கிறேன். கண்ணை மூடினாலும் தெரிகிறது. கொஞ்சம் கூன், இடது தோள் இறக்கம். அதை விரட்டிக்கொண்டே போகிறேன். நீ எழுதுகிற ஒவ்வொன்றுக்கும் அந்த முதுகு இன்னும் கொஞ்சம் தூரம் போகிறது. நானும் விடுவதில்லை.

குப்பனைக் கேட்டேன், மாசிலாமணி ஓடுவதைப் பார்த்தாயா என்று. "இல்லியே, அந்தாளு வெளியவே வர்றதில்ல"ன்றான். பார்த்தாயா, குப்பன் கண்ணுக்கே தெரியாமல் பழகுகிறான். கள்ளன்! இன்னும் எழுது.

தானியேல்


சதுரங்கப்பட்டினம்,
மார்கழி 3

அண்ணனுக்குத் தோத்திரம். இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது.

இன்னும் எழுது என்றாய். எழுதுகிறேன். ஏரியில் இறால் தடவுகிற பெண்கள் பிடித்ததைப் போட ஓலைப் பறியை வாயில் கடித்துக்கொண்டு போவார்களே, அதே மாதிரி இவரும் ஒரு பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு ஓடுகிறார். வாய் அடைத்திருந்தால் முனகக்கூட முடியாது. மூக்கால்தான் மூச்சு. முனகாதவனுக்கு வலி பாதிதான் என்கிறார்.

அது மட்டுமில்லை. வெறும் வயிற்றோடு ஓடிவிட்டு நம் வீட்டு வாசலுக்கு வருவார். நான் மடவை மீன் வறுத்துக்கொண்டிருப்பேன். வாசம் தெருவரைக்கும் போகும். நிற்கமாட்டார். வாசலைத் தாண்டி மறுபடி ஓடிவிடுவார். திரும்பத் திரும்ப அப்படித் தாண்டிப் போவார். வீட்டைத் தாண்டப் பழகினவனுக்கு வேறு எந்த இடத்திலும் நிற்கத் தோன்றாதாம்.

அண்ணா, நைனாவிடம் ஒன்று கேட்டுச் சொல். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்குக் குதிகாலில் திருக்கை மீன் முள் குத்திவிட்டது. வீக்கம் வடிந்து வடிந்து மறுபடி சீழ் வைக்கிறது. நைனா காலத்தில் இதற்கு என்ன போடுவார்கள்? மறக்காமல் கேள்.

எலிசபெத்


பழவேற்காடு,
மார்கழி 25

தங்கைக்கு அண்ணன் எழுதுவது. சுகம்.

பறியைக் கடித்துக்கொண்டு நானும் ஏரிக்குள் இறங்கினேன். இறால் தடவிக்கொண்டிருந்த பொன்னியம்மாள் பார்த்துவிட்டாள். "இன்னா தானியேலு, எறா எங்க? கோட்டைல சம்பளம் குடுக்கலியா?"ன்னு கத்தினாள். கூட இருந்தவர்கள் எல்லாம் தண்ணீரிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். வாயில் பறி, பதில் சொல்ல முடியவில்லை. போனேன். ஆனால் எலிசபெத்து, வேலை செய்கிறது. அன்று ஓடிய தூரம் நான் இதுவரை ஓடியதில்லை.

மீன் சமாச்சாரம்தான் சரிவரவில்லை. எனக்கு வறுத்து வைக்க யார் இருக்கிறார்கள்? நைனாவை வறுக்கச் சொன்னேன். கருக்கிவிட்டார். அந்த நாற்றத்தைத் தாண்டி ஓட மனசுக்குப் பழக்கமே வேண்டாம். வாசலில் மீன் வறுக்க ஒரு பெண்டாட்டி, அதைத் தாண்டிப் போக ஒரு மனசு. இரண்டையும் கடவுள் அவனுக்கே கொடுத்திருக்கிறார். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

திருக்கை முள்ளுக்கு நைனா சொன்னது: பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை வைக்க வேண்டும், உள்ளே முள் துணுக்கு இருந்தால் கீறி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறாது. பக்கத்து வீட்டுக்காரனுக்கு நிறையப் பணிவிடை செய். அந்த நேரமாவது உன் புருஷனைக் கவனிக்காமல் இருப்பாய்.

தானியேல்


சதுரங்கப்பட்டினம்,
தை 10

அண்ணனுக்குத் தோத்திரம். நைனாவின் மருந்துக்கு நன்றி சொல்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. பந்தயத்தைப் பங்குனிக்குத் தள்ளி வைக்கச் சொல்லி நீ உங்கள் கோட்டையில் கேட்பாயா? நீ கேட்டால் கேள்வி வராது. நாங்கள் கேட்டால் ஏன் என்பார்கள். காரணத்தை எழுத முடியவில்லை. என் அண்ணனாக நினைத்துச் செய்.

எலிசபெத்


பழவேற்காடு,
தை 22

எலிசபெத்துக்கு.

காரணத்தை நீ எழுத வேண்டாம். எனக்குத் தெரியும். மாசியில் வாடைக்காற்று அடங்கி இரண்டு பேருக்கும் சமமாக இருக்கும். பங்குனியில் தென்றல் எழும்பிவிடும். எனக்கு நேரே முகத்தில் அடிக்கும், அவனை முதுகில் தள்ளிக்கொண்டு வரும். கடலோரத்தில் பிறந்தவனிடமே காற்றுக் கணக்குப் போடுகிறாயா? பாட்டு, பறி, மீன் வாசம், அத்தனையும் போதாமல் காற்றும் வேண்டுமா அவனுக்கு?

இத்தனை நாள் என் தங்கை எழுதுகிறாள் என்று நினைத்தேன். எழுதியது அவன் பெண்டாட்டி. ஒரு நாள்கூடத் தள்ளமாட்டேன்.

தானியேல்


பழவேற்காடு,
1766 வைகாசி 15

அன்புள்ள எலிசபெத்துக்கு அண்ணன் தானியேல் எழுதுவது. எனக்குச் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய்? மாசிலாமணியின் கால் எப்படி இருக்கிறது? வாசலில் அவனிடம் பையைக் கொடுக்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

பந்தயத்தன்று கடைசியில் நடந்ததைத்தான் நீ பார்த்தாய். மற்றதைச் சொல்கிறேன்.

எண்ணூர் முகத்துவாரத்தை நெஞ்சளவு தண்ணீரில், கடுதாசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு தாண்டினேன். அங்கிருந்தே கண் தெற்கே போய்விட்டது. தூரத்தில் யார் வந்தாலும் அவன்தான். வலை சுமந்து ஒருத்தர் வந்தார், அவன் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினேன். கழுதையோடு ஒரு வண்ணார் வந்தார், அவரும் அவன்தான். சென்னப்பட்டணத்தில் இங்கிலீசுக்காரர் கோட்டையைத் தாண்டினேன். அவனைக் காணோம். மயிலாப்பூர் தாண்டினேன். காணோம். சிரித்தேன் எலிசபெத்து, ஓடிக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தேன். மாசிலாமணி எனக்குப் பின்னால்! பிறந்ததிலிருந்து இதற்குத்தான் காத்திருந்தேன்.

அடையாறு முகத்துவாரம் வந்தது. அங்கேயும் காணோம். அதற்கப்புறம் சந்தோஷம் நிற்கவில்லை. எதிரே வெறும் மணல். அவன் முதுகை நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. முன்னால் இல்லாதவனுக்கு முதுகு ஏது? அது போனதும் காலும் போய்விட்டது. மனசு மெள்ள வாயைத் திறந்தது. "இனி எதுக்கு ஓடுறே"ன்னு கேட்டது. அதற்கு நீ எழுதியதில் பதில் இல்லை. கோவளத்தில் உட்கார்ந்துவிட்டேன். யாரிடமும் சொல்லாதே. அழுதேன் என்று நினைக்கிறேன்.

அப்புறம் எழுந்து நடையும் ஓட்டமுமாக வந்தேன். மாமல்லபுரத்துப் பாறைகளுக்குப் பக்கத்தில், வெயில் சாய்ந்த நேரம், நீங்கள் இருவரும் மணலில் உட்கார்ந்திருந்தீர்கள். அவன் குதிகாலில் உன் சேலைக் கிழிசல், அது முழுக்க இரத்தம். முள் குத்திய பக்கத்து வீட்டுக்காரன் யாரென்று அப்போதுதான் தெரிந்தது. என்னைப் பார்த்து, "வா மச்சான், பாதி வழி இதான்னு வச்சிக்கலாமா?"ன்னான். எப்படிச் சிரிக்கிறான்! அந்தக் காலோடு கோட்டை வாசலிலிருந்து அவ்வளவு தூரம் வந்திருக்கிறான், நீயும் பின்னாலேயே வந்திருக்கிறாய். எனக்கு முள் குத்தியிருந்தால் வாசற்படி இறங்கியிருக்கமாட்டேன். உங்களைப் பார்த்ததும் எனக்கு இரக்கம் வரவில்லை, எலிசபெத்து. அதற்கும் பொறாமைதான் வந்தது. அதனால்தான் ஒரு வார்த்தை பேசாமல் உங்களைத் தாண்டி ஓடினேன்.

வேலை கிடைத்தது. வெள்ளிப்பூண் போட்ட கோல் கொடுத்தார்கள். நைனாவிடம் எல்லாம் சொன்னேன். கோலை வாங்கிப் பார்த்தார். "அவன் காலு மட்டும் நல்லா இருந்திருந்தா உன்னை எண்ணூர்லயே தாண்டியிருப்பான்"னார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

இப்போது சங்கதி இதுதான். கடுதாசி கொண்டு ஓடும்போதெல்லாம் கோவளத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். கால் வலிக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை, ஆனாலும் உட்கார்கிறேன். கடுதாசி தாமதமாகிறது. கோட்டையில் முணுமுணுக்கிறார்கள். இப்படியே போனால் கோலைத் திரும்ப வாங்கிவிடுவார்கள்.

ஏன் பொய் எழுதினாய் என்று கேட்கத்தான் இதை ஆரம்பித்தேன். இப்போது வேறு கேட்கிறேன். இன்னும் எழுது. அவன் ஓடுகிறான் என்று எழுது. பொய்யென்று தெரியும், தெரிந்தே படிக்கிறேன். நீ எழுதியவனை நான் இன்னும் முந்தவில்லை.

அண்ணன்,
தானியேல்


சதுரங்கப்பட்டினம்,
ஆனி 8

அண்ணனுக்குத் தோத்திரம். நான் சுகம். அவருக்குப் புண் ஆறிவிட்டது, ஆனால் குதிகாலை அழுத்தி ஊன்ற முடியாது, இனி ஓட்டம் இல்லை. கோட்டை வாசலில் காவல் நிற்பதைத்தான் நீயே பார்க்கிறாய். நீ கால் எப்படி என்று கேட்டிருந்ததை அந்த இடத்திலேயே விரலை வைத்து அவருக்குக் காட்டினேன்.

ஏன் எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். புரட்டாசியில் உன் கடிதம் வந்த வாரத்தில்தான் உப்பங்கழியைத் தாண்டும்போது திருக்கையை மிதித்தார். காய்ச்சலில் பிழைப்பாரோ மாட்டாரோ என்று கிடந்தேன். கோட்டையில் தெரிந்தால் பேரை அடித்துவிடுவார்கள், மாசிக்குள் ஆறிவிடும் என்று மறைத்தோம். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பேசுவதில்லை, சிரிப்பதில்லை. அந்த நேரத்தில் உன் கடிதத்தை எடுத்தால், என்னால் முடியவில்லை, மனசு கெடுக்கிறது என்று புலம்பியிருந்தாய். எனக்கு வந்த ஆத்திரம்! நல்ல கால் இரண்டையும் வைத்துக்கொண்டு புலம்புகிறாயே என்று இருந்தது. பொறாமை உனக்கு மட்டுமா? உன் கால் மேல் எனக்கு அவ்வளவு பொறாமை, அண்ணா. அவரை உன்னிடம் தோற்கவிட எனக்கு மனசு வரவில்லை. கடிதத்திலாவது ஓடட்டும் என்று எழுதினேன்.

எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். திரும்பிப் படுத்தார். "பறியையும் சேத்துக்கோ, அவன் நிச்சயம் செய்வான்"னார். அத்தனை நாளுக்கப்புறம் அன்றுதான் சிரித்தார். ஆனால் மனசைப் பற்றி எழுதியது ஒன்றும் பொய்யில்லை. கொடிமரத்தைப் பார்க்காதே, மனசோடு சண்டை போடாதே, முனகாதே, எல்லாம் அவர் பாயில் கிடந்து வலிக்காகக் கண்டுபிடித்தது. நீ அதை வைத்துக்கொண்டுதான் ஓடினாய்.

இனி நான் எழுதமாட்டேன். பொய் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது. நீ எழுதியிருந்ததை முழுக்க அவரிடம் படித்தேன், நைனா சொன்னதையும் சேர்த்து. எனக்கும் ஒரு தாள் கொடு என்று வாங்கிக்கொண்டார். அவர் எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். நான் பிரித்துப் பார்க்கவில்லை.

எலிசபெத்


சதுரங்கப்பட்டினம்,
அதே நாள்

மச்சானுக்கு மாசிலாமணி எழுதிக்கொண்டது. சுகம், சுகமே விழைகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ கோவளத்தில் உட்கார்ந்துவிடுகிறாய் என்று எலிசபெத்து படித்தபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. நல்லவன் நல்லவன் என்று ஊர் சொல்லுமே, அவன்தான் சந்தோஷப்பட்டான். வெள்ளிப்பூண் கோலை நினைத்துக்கொண்டு எத்தனையோ நாள் சோறு இறங்கவில்லை. உன்னை வாசலில் நிறுத்திக் கடுதாசிப் பையை வாங்கும்போதெல்லாம், அதைப் பிடுங்கிக்கொண்டு நான் ஓடிவிடலாமா என்று இருக்கும். உன் முகத்தைப் பார்க்கமாட்டேன், கவனித்திருக்கமாட்டாய்.

சரி, சேதி கேள். இன்று விடியுமுன் எழுந்தேன். ஒரே புழுக்கம். அதற்காக நிற்கவில்லை. கஞ்சிகூடக் குடிக்காமல் கிளம்பினேன். மாமல்லபுரம் வரை பாடிக்கொண்டே போனேன். கால் லேசாக இருந்தது. கோவளம் வந்தது. நீ உட்காருகிற இடம் எனக்குத் தெரியும், அங்கே ஒரு கட்டுமரம் கவிழ்ந்து கிடக்கும். அதைத் தாண்டிப் போனேன். மூச்சு வாங்கவில்லை.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன் மச்சான். உன்னைக் காணோம். எங்கே இருக்கிறாய்?

மாசிலாமணி